அஞ்சு பேர் பார்க்கில் அப்பாவின் பெயர்

சங்கராபுரத்தில் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து ஊரார் பெயர்களைத் திருத்துவதுதான் என் பிழைப்பு. ஆதார் அட்டையில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், பத்திரத்தில் இன்னொரு பெயர் என்று ஒரே ஆள் மூன்று பெயர்களோடு வந்து நிற்பார். "இதுல எதுங்க உங்க பேரு?" என்று கேட்டால், "எல்லாமே நான்தாம்மா" என்பார். சுருக்கென்று கோபம் வரும் எனக்கு. வந்த வேகத்திலேயே போயும்விடும். ஏனென்றால், ஒரு பெயரை மாற்றிச் சொல்லி, அதைக் கருங்கல்லில் வெட்டவைத்து, ஒரு டவுனையே படிக்கவைத்த புண்ணியவதி நான். அந்தக் காரியத்தைச் செய்தபோது இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கல் இன்னும் இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் மூன்று ரோடுகள் வந்து சேருகிற இடத்தில், நடுவே சின்னதாக ஒரு பூங்கா. வாசலில் தொங்கும் பலகையில் 'நினைவுச் சதுக்கம்' என்று எழுதியிருக்கும். அப்படிச் சொல்லி வழி கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஷேர் ஆட்டோக்காரர்கள், "அஞ்சு பேரு பார்க்கெல்லாம் எறங்கு" என்றுதான் கத்துவார்கள். நான்கு பெஞ்சு, இரண்டு பூவரச மரம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிப்பேர் ஆகும் ஒரு தண்ணீர்க் குழாய். போலீஸ் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலேயே வந்து பெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். பூ விற்கிற பெண்கள் மதியத்தில் கூடையை இறக்கிவைத்துக் கால் நீட்டுவார்கள். நடுவில் ஓர் ஆள் உயரத்துக்குக் கருங்கல். அதில் ஐந்து பெயர்கள். மூன்றாவது, என் அப்பா.

அப்பா கரும்பு வெட்டுகிறவர். எங்கள் காலனியில் பாதிப் பேருக்கு அதுதான் வேலை. ஓர் அடைமழை நாளில் வெட்டு முடிந்து டிராக்டரில் திரும்பிக்கொண்டிருந்தபோது, ஆற்றுத் தரைப்பாலத்தில் ஒரு பஸ் பாதி வழியில் நின்றுபோயிருந்தது. தண்ணீர் படிக்கட்டுக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே ஆட்கள். அப்பாவும் கூட வந்தவர்களும் கரும்புக் கட்டுக்குப் போடுகிற கயிற்றை டிராக்டரில் முடிந்து, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரையும் தோளிலும் முதுகிலும் சுமந்து கரை சேர்த்தார்கள். கடைசித் தடவை பஸ்ஸுக்குள் யாரும் மிச்சமிருக்கிறார்களா என்று பார்க்கப் போன ஐந்து பேர் திரும்பவில்லை. பஸ்ஸுக்குள் யாரும் மிச்சமில்லை.

இதை இப்படி நாலு வரியில் எழுதிவிட எனக்குப் பல வருஷம் ஆயிற்று. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பாவின் சட்டை கொடியில் காய்ந்துகொண்டே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை என்பதுதான். கரும்புச் சாறு எத்தனை துவைத்தாலும் போகாது. கொடி வழியாக எறும்பு வரிசை கட்டி அந்தச் சட்டைக்கு வரும். நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பாவின் பெயர் ஏழுமலை. அம்மா அந்தப் பெயரைச் சொன்னதே கிடையாது. புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். அம்மா அந்த வழக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்துக்கொண்டிருந்தாள். ஏழுமலையான் கோயிலுக்குப் போனாலும் 'அந்தச் சாமி'தான். அதுகூடப் பரவாயில்லை, முட்டை எண்ணும்போது பார்க்க வேண்டும். "அஞ்சு, ஆறு, ஆறுக்கு மேல ஒண்ணு, எட்டு." நான் எண்ணக் கற்றுக்கொண்டது அம்மாவிடம்தான். ஒன்றாம் வகுப்பு டீச்சர் எண்ணச் சொன்னபோது நானும் கணீரென்று "ஆறு, ஆறுக்கு மேல ஒண்ணு, எட்டு" என்றேன். டீச்சர் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அவர் கணவர் பெயர் என்னவோ, பாவம், அவரும் ஒருநாளும் சொல்லி நான் கேட்டதில்லை.

அம்மா எனக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள். அப்பா பேரைப் பட்டென்று வாயில் போடக் கூடாது, பள்ளிக்கூடத்தில் கேட்டால் மட்டும் சொல்லு, அதுவும் மெதுவாகச் சொல்லு. நானும் அப்படியே இருந்தேன்.

ஆனால் வீட்டுக்குள் அப்பாவுக்கு இன்னொரு பெயர் இருந்தது. விடிவதற்கு முன் அப்பா வேலைக்குக் கிளம்பும்போது நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். அப்போது அம்மாவின் குரலே வேறாக இருக்கும். "சக்கர, சோத்துத் தூக்க மறந்துட்டுப் போற பாரு." "ஏ சக்கர, துண்ட எடுத்துக்கோ." வெளி ஆட்கள் முன்னால் 'இந்தாங்க', 'வாங்க', 'பாப்பாவோட அப்பா' என்று மரியாதையாகப் பேசுகிற அதே அம்மா. அப்பா இளித்துக்கொண்டே போவார். எனக்கு அதில் ஒன்றும் விசேஷமாகத் தோன்றவில்லை. பகலில் ஒரு பாஷை, விடியலில் ஒரு பாஷை என்று எல்லார் வீட்டிலும் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

மழைக்காலம் போய்ப் பொங்கலும் கழிந்த பிறகு ஒரு நாள், கையில் நீளமான நோட்டோடு ஒருவர் எங்கள் காலனிக்கு வந்தார். டவுனில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி, காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவர். அந்தப் பஸ்ஸில் இருந்தவர். அவரும் இன்னும் சில கடைக்காரர்களும் சேர்ந்து, குப்பை கொட்டிக் கிடந்த அந்த முச்சந்தியைச் சுத்தம் செய்து, ஐந்து பேருக்கும் ஒரு கல் நட்டுப் பூங்கா போடுவது என்று முடிவெடுத்திருந்தார்கள். அதற்கு வீடு வீடாகப் பெயர் எழுத வந்திருந்தார். நான் அவருக்கு நோட்டுக்காரர் என்று பெயர் வைத்தேன்.

அவர் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஒல்லியான மனிதர். பேசத் தொடங்கியதுமே குரல் உடைந்துவிட்டது. "என்னத் தோள்ல போட்டுக்கினு வந்தாரும்மா. கரையில எறக்கி வுட்டுட்டு மறுபடி தண்ணியில எறங்கிட்டாரு. பேருகூட நான் கேக்கல." அவர் சொன்ன அடையாளமெல்லாம் அப்பாதான். புருவத்தில் தழும்பு, பச்சைத் துண்டு.

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவோரம் நின்றாள். அவர் பேனாவைத் திறந்து, "பேரு சொல்லுங்கம்மா" என்றார். அம்மா எப்படிச் சொல்வாள்? வீட்டில் வேறு பெரியவர்களும் இல்லை. அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, வெள்ளிமலைப் பக்கம் குச்சிக் கிழங்கு லோடு ஏற்றப் போயிருந்தார். ரேஷன் கார்டைக் காட்டலாம் என்றால் அது தாலுகா ஆபீசில் கிடந்தது. அப்பாவின் பெயரை அதிலிருந்து நீக்குவதற்குக் கொடுத்திருந்தார்கள்.

அம்மா யோசித்து, இரண்டு கைகளையும் நீட்டி ஏழு விரலைக் காட்டினாள். பிறகு மேற்கே கையை நீட்டினாள். எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். நோட்டுக்காரர் விரலைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். "ஏழு பேரு மலைக்குப் போயிருக்காங்களாம்மா?" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அந்தத் துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அத்தை வந்து எட்டிப் பார்த்தாள். அவள் புருஷனும் அந்த ஐந்து பேரில் ஒருவர். அவள் வீட்டில் பெரிய மகன் இருந்ததால் பெயர் எழுதும் வேலை சுலபமாக முடிந்திருந்தது. "இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ கஷ்டம்? பாப்பாவ சொல்லச் சொல்லு" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு, வந்தவருக்குத் தண்ணீர் மொள்ள உள்ளே போனாள். அத்தையும் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று ஓடினாள். நோட்டுக்காரர் குந்தி உட்கார்ந்து, "உங்கப்பா பேரு இன்னா கண்ணு?" என்று கேட்டார்.

எனக்கு இரண்டு பெயரும் தெரியும். அதுதான் சங்கடம். ஒன்று, சொல்லக் கூடாத பெயர். சொன்னால் கெடுதல். இது பள்ளிக்கூடமும் இல்லை. இன்னொன்று, அம்மாவே தினமும் வாயாரச் சொல்கிற பெயர். அம்மா சொல்கிறாள் என்றால் அதில் ஒரு கெடுதலும் இருக்க முடியாது. நான் நன்றாக யோசித்துத்தான் சொன்னேன்.

"சக்கர."

அவர் சந்தேகப்படவே இல்லை. சக்கரை என்று பெயர் வைக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. நோட்டில் எழுதி, எழுதியதை என்னிடமே காட்டி, "சரியா?" என்று வேறு கேட்டார். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்து, சரி என்றேன். அம்மா கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கும்பிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அதை நான் மறந்தே போனேன்.

கல் வந்து இறங்கிய அன்று அதை முதலில் பார்த்தவர் பெரியப்பா. அவருக்குக் குரலே கொஞ்சம் ஜாஸ்தி. சாதாரணமாகத் தண்ணீர் கேட்டாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். டவுனிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்த வேகத்தில், தெருமுனையிலேயே ஆரம்பித்துவிட்டார். "எவன்டா அது சக்கர? எங்க வூட்டுல சக்கரன்னு எவனும் இல்லியே! உசுரக் குடுத்தவன் என் தம்பி, பேரு எவனுக்கோ போயிருக்குது!"

காலனியே வாசலுக்கு வந்துவிட்டது. நோட்டுக்காரரைப் பெரியப்பா கையோடு அழைத்து வந்திருந்தார். அந்த மனிதர் வெலவெலத்துப்போய் நோட்டைத் திறந்து காட்டினார். "பாப்பாதாங்க சொல்லிச்சி."

நான் அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். பெரியப்பா என்னை முன்னால் இழுத்து நிறுத்தினார். "உனுக்கு இந்தப் பேர யாரு சொன்னது?"

இந்த இடத்தில் ஒரு புத்திசாலிப் பிள்ளை அழுதிருக்கும். நான் உண்மையைச் சொன்னேன். "அம்மாதான் அப்பாவ அப்பிடிக் கூப்புடும். சக்கர, சோத்துத் தூக்க எடுத்துக்கோன்னு."

எங்கிருந்தோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். இன்னொருத்தி, "அடியே, சக்கரையாம்டி!" என்றாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நாலு மாதமாக அழுது அழுது சலித்துப்போன தெரு, சிரிக்க ஒரு காரணம் கிடைத்ததும் விடவில்லை, அவ்வளவுதான். பெரியப்பாவுக்கே என்ன செய்வது என்று தெரியவில்லை. தம்பி பெண்டாட்டி, தம்பியை வா போ என்று ஒருமையில் கூப்பிட்ட பெயர் கல்லில் ஏறி டவுன் நடுவில் நிற்கிறது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தொண்டையைக் கனைத்தார்.

அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் வெளியே வரவில்லை. வேலைக்குப் போகவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. சோறு போட்டாள், தலை பின்னிவிட்டாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அந்த மாதிரி தண்டனை இன்றுவரை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

ஆனால் என்னை அதைவிடப் பயமுறுத்தியது பெரியப்பா போகிறபோது சொல்லிவிட்டுப் போன ஒரு பேச்சு. "பேரு மாறிப் போச்சின்னா அவன் எங்க வந்து நிப்பான்? தன் பேரத் தேடிக்கினு தெருத்தெருவா சுத்துவான் பாரு." கோபத்தில் சொன்னதுதான். நான் அதைக் கல்வெட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஏனென்றால் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்தது ஒரே ஒரு சொல், அவருடைய பெயர். கைநாட்டு வைப்பது வெட்கமாக இருக்கிறது என்று என் சிலேட்டில் எழுதி எழுதிக் கையெழுத்துக் கற்றுக்கொண்டார். டவுனுக்குப் போனால் கடைப் பலகைகளில் தன் பெயரின் எழுத்துகளைக் கண்டுபிடித்து, "பாப்பா, என் ழ அங்க இருக்குது பாரு" என்று காட்டுவார். அப்படிப்பட்டவர் அந்தப் பூங்காவுக்கு வந்தால், ஐந்து பெயரையும் உற்று உற்றுப் பார்ப்பார். தன் எழுத்து ஒன்றும் இருக்காது. இது நம்ம இடம் இல்லை போல என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அவர் போகிற முதுகுகூட எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருந்த ஒரு துண்டு சாக்பீஸைக் கையில் பொத்திக்கொண்டு டவுனைப் பார்த்து நடந்தேன். அரை மணி நேர நடை. ஒரு லாரிக்காரர் திட்டினார், ஒரு நாய் பாதி தூரம் கூட வந்தது.

பூங்கா அப்போது பூங்காவாக ஆகவில்லை. மண் குவியலும் சிமென்ட் மூட்டையுமாகக் கிடந்தது. கல்லைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கல் வேலைக்காரர் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது பெயருக்குக் கீழே கிடைத்த இடத்தில், என் கையெழுத்திலேயே பெரிய கையெழுத்தாக, ஏழுமலை என்று எழுதினேன். வழவழப்பான கருங்கல்லில் சாக்பீஸ் வழுக்கியது. எச்சில் தொட்டுத் தொட்டு எழுதினேன்.

"ஏ பாப்பா, இன்னா பண்ற?" என்று கல் வேலைக்காரர் சோற்றுக் கையோடு எழுந்து வந்தார். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி அழுதேன். அப்பாவுக்கு இந்த ஒரு பெயர்தான் படிக்கத் தெரியும், அதையும் நான் கெடுத்துவிட்டேன் என்றேன். அவர் எச்சில் கையை உதறிவிட்டு இடது கையால் என் மூக்கைத் துடைத்தார். "இதுக்கா அழுவுற? கல்லத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் புதுசா வெட்டிட்டாப் போச்சி. நாலு நாள் வேல."

அதற்குள் என்னைத் தேடிக்கொண்டு அம்மா வந்துவிட்டாள். இரண்டு நாளைக்குப் பிறகு வெளியே வந்தவள், தலைகூட வாராமல் ஓடி வந்திருந்தாள். பின்னாலேயே பெரியப்பா. தகவல் கேட்டு எதிரிலிருந்த டீக்கடையிலிருந்து நோட்டுக்காரரும் வந்தார். அம்மா முதலில் என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு கட்டிக்கொண்டாள். இரண்டும் வலித்தது.

நோட்டுக்காரர் கையைப் பிசைந்தார். "தப்பு என்னுதும்மா. நாலு பேர விசாரிச்சி எழுதியிருக்கணும். மாத்திடலாம். நீங்க சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"அவள இன்னா கேக்குறது? நான் சொல்றேன், மாத்து" என்றார் பெரியப்பா.

அந்த ஒல்லி மனிதருக்கு எங்கிருந்து அந்த நெஞ்சுரம் வந்ததோ. "இல்லீங்க. அவங்க சொல்லட்டும்" என்றார்.

அம்மா அதுவரை கல்லைப் பார்த்ததே இல்லை. அப்போதுதான் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். மூன்றாவது வரியில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் விரலை விட்டு நகர்த்தினாள். ச. ர். க். க. ரை. நோட்டுக்காரர் நல்ல தமிழில் எழுதியிருந்தார். பிறகு கீழே என் சாக்பீஸ் எழுத்துக்கு வந்தாள். அங்கே விரல் நின்றுவிட்டது. முந்தானையை எடுத்து, குழந்தையின் வாயைத் துடைப்பதுபோல, அதை மெதுவாகத் துடைத்தாள்.

நான் "அம்மா!" என்று அலறினேன்.

அம்மா என்னைப் பார்க்காமல், பெரியப்பாவைப் பார்க்காமல், கல்லைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அந்தப் பேரு எழுதாத எடமே இல்லீங்க. ரேஷன் கார்டுல எழுதுனாங்க, இப்ப அடிச்சிம் குடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரி சீட்டுல இருக்குது. பாப்பா ஸ்கூல்ல இருக்குது. இந்தப் பேருக்கு என் வாய வுட்டா வேற எடமே கெடையாது. இங்கயாச்சும் இருக்கட்டும்."

அம்மா அவ்வளவு நீளமாக ஆண்கள் முன்னால் பேசி நான் பார்த்ததில்லை. பெரியப்பா ரோட்டில் போகிற பஸ்ஸையெல்லாம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "செரி, கீழ சின்னதாவாச்சும் அவன் பேரப் போடுப்பா. எங்கப்பன் வெச்ச பேரு" என்றார். குரல் ரொம்பக் கம்மியாக இருந்தது. கல் வேலைக்காரர் தலையாட்டினார்.

எனக்குச் சமாதானம் ஆகவில்லை. திரும்பி நடக்கும்போது அம்மாவின் கையை இழுத்து, "சின்ன எழுத்து அப்பாவுக்குத் தெரியாதே, எப்பிடிப் படிப்பாரு?" என்றேன்.

"படிக்க வாணாம்" என்றாள் அம்மா. "நான் கூப்புட்டா வந்துருவாரு."

இரண்டு நாளைக்குப் பிறகு அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர்கள் யாரும் வரவில்லை. வருவதாகச் சொன்ன ஒருவரும் வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் வந்தார்கள், பிள்ளைகுட்டிகளோடு. ஐந்து குடும்பமும் முன்வரிசை. நோட்டுக்காரர் மைக்கைப் பிடித்து, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து பெயரைச் சொல்லிவிட்டுப் பூ வைக்க வேண்டும் என்றார். மற்ற நான்கு வீட்டிலும் பெண்கள் பேசாமல் நின்றார்கள். மகன் சொன்னான், தம்பி சொன்னார், மாமனார் சொன்னார். எங்கள் முறை வந்ததும் பெரியப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அம்மா அவரைத் தாண்டிக்கொண்டு போய்விட்டாள். மைக்கில் அம்மாவின் மூச்சு முதலில் கேட்டது. பிறகு விடியலில் நான் கேட்கிற அதே குரல், மூன்று ரோட்டுக்கும் கேட்டது.

"சக்கர."

யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மறுவருஷ நினைவு நாளுக்கு முன்னால் பக்கத்து வீட்டு அத்தை நோட்டுக்காரரின் கடைக்குப் போய், ரொம்ப நேரம் மோட்டார்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, தன் வீட்டுக்காரரின் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் சின்னதாகப் போட முடியுமா என்று கேட்டாளாம். "மணி" என்று போட்டார்கள். அடுத்த வருஷம் இன்னொருத்தி வந்தாள். அதற்கடுத்து இன்னொருத்தி. இப்போது அந்தக் கல்லில் ஐந்து பெயருக்கு அடியிலும் ஐந்து சின்னப் பெயர்கள் இருக்கின்றன. மற்ற நான்கு பேருக்கும் ஊர் கூப்பிட்ட பெயர் பெரிதாக, வீட்டில் கூப்பிட்டது சின்னதாக. எங்களுக்கு மட்டும் தலைகீழ். பெரியப்பா சாகும்வரை அந்தப் பக்கம் வருகிறவர்களையெல்லாம் நிறுத்திவைத்து, "இது என் தம்பிங்க, வூட்டுல சக்கரன்னு கூப்புடுவாங்க" என்று அவரே வைத்த பெயர்போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா மாறிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். அவள் செல்போன் நம்பரில் இரண்டு ஏழு இருக்கிறது. யாராவது கேட்டால் இன்றைக்கும் போனையே நீட்டிவிடுவாள்.

ஐந்தாவது பெண் மட்டும் ரொம்ப வருஷம் வரவில்லை. மூத்தவள், அதிகம் பேசாதவள். ஏன் வரவில்லை என்று அம்மா ஒரு நாள் கேட்டதற்கு, "நான் பேரு ஒண்ணும் வெக்கலியேம்மா. இந்தாங்க, இந்தாங்கன்னுதான் கூப்புடுவேன்" என்று சொல்லிக் குலுங்கி அழுதிருக்கிறாள். அதையே வெட்டிவிட்டார்கள். கல்லில் கடைசிப் பெயருக்குக் கீழே 'இந்தாங்க' என்று இருக்கும். வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு, என்ன இது என்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள்.

இந்த வருஷம் அவளே மைக்கில் சொன்னாள். குச்சியை ஊன்றிக்கொண்டு போய், கல்லைப் பார்த்து, "இந்தாங்க" என்றாள். பதில் வருமோ என்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றாள். நான் கல்லைப் பார்க்கவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. உடனே அந்த முதல் நாள் ஞாபகம் வந்துவிட்டது.

அன்றைக்கு அம்மா மைக்கிலிருந்து திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தபோது, அந்த நான்கு பெண்களும் கல்லையோ பூவையோ பார்க்காமல் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண் கொட்டாமல். எனக்குக் கூச்சமாகிவிட்டது. காலையில் சாப்பிட்ட பொங்கல் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். முந்தானையைப் பிடித்து இழுத்து, "அம்மா, வாயத் தொடச்சிக்கோ, எல்லாரும் பாக்குறாங்க" என்று காதில் சொன்னேன்.

அம்மா சிரித்தாள். துடைத்துக்கொள்ளவில்லை.